வியாழக்கிழமை மாலை ஜாக்கிக்கு

(குடும்ப ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர். நான் நாலாவது. நாலாவதாகப் பிறப்பது என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் போட்டுக் கழித்த சட்டை, அக்கா படித்து முடித்த புத்தகம். அம்மா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மற்ற பெயர்களை எல்லாம் ஒரு சுற்று சொல்லிவிட்டுத்தான் என் பெயருக்கு வந்து சேருவாள். அடியானாலும் பலகாரமானாலும் எல்லாருக்கும் மொத்தமாக வந்து பங்காகும். அம்மா எனக்கே எனக்கென்று கிடைப்பது காய்ச்சல் வந்தால்தான். பல்லாரி வெங்காயத்தை வெட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் சொல்லிக்கொடுத்தான். ஒன்பது வயதில் ஒரு நாள் காலை அப்படியே வைத்துக்கொண்டு படுத்தேன். அது என்ன ஆயிற்று என்று அப்புறம் சொல்கிறேன்.

இன்றைக்குப் பேசச் சொன்னவர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் சபைகளில் இளம் தம்பதிகள் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தேர்வு எழுத வைக்கிறார்கள். இது சரியா, ஐயரே? நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குப் பகலில் அரை மணி நேரமாவது உட்கார முடிகிறதா என்றுதான் முதலில் கேட்பேன். அதற்கு மேல் கேட்பவர்களுக்கு ஒரு வீட்டைக் காட்டுவேன். அது இங்கே இல்லை. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாவட்டத்தில், சதுப்பு நிலத்துக்கு நடுவே எப்வொர்த் என்ற ஊரில் இருந்த குருமனை.

அந்த வீட்டு அம்மா பெயர் சூசன்னா வெஸ்லி. 1669-இல் லண்டனில் பிறந்தவர், ஒரு போதகருக்கு இருபத்தைந்தாவது பிள்ளை. நாலாவதாகப் பிறந்த நான் முறையிட்டது போதும், இல்லையா? இவருக்குப் பிறந்தவை பத்தொன்பது. அதில் ஒன்பது குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துபோயின. ஒன்று, தூக்கத்தில் புரண்ட தாதியின் கீழே மூச்சு முட்டி இறந்தது. மிச்சம் ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். நிறையப் பிள்ளைகள் கர்த்தர் தந்த ஆசீர்வாதம் என்று நாம் மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஆசீர்வாதத்தில் ஒன்பது சிறு கல்லறைகளும் இருந்தன.

கணவர் சாமுவேல் வெஸ்லி அந்த ஊர்க் குரு. படிப்பாளி, கவிஞர், கடன்காரர். 1705-இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். கொடுக்க வேறு எதுவும் இல்லாததால் மனைவி தன் மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார்; கணவர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த அன்புக்குக் குறைவில்லாத சண்டையும் உண்டு. குடும்ப ஜெபத்தில் வில்லியம் அரசருக்காக அவர் வேண்டியபோது மனைவி ஆமென் சொல்லவில்லை. அந்த அரசரை அரசராகவே அந்த அம்மா ஏற்கவில்லை. ஒரு ஆமெனுக்காக ஐயர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டே போய்விட்டார்! அரசர் இறந்து, ஆன் அரசி வந்த பிறகுதான் சமாதானம். அந்தச் சமாதானத்துக்குப் பின் 1703-இல் பிறந்தவர்தான் ஜான் வெஸ்லி. வீட்டில் ஜாக்கி என்று கூப்பிடுவார்கள். நம் பாமாலைப் புத்தகத்தில் பாட்டாக வரும் சார்லஸ் வெஸ்லி அவருக்குத் தம்பி.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து. சங்கீதம் பாடித் தொடங்கி, சங்கீதம் பாடி முடிப்பார்கள். ஐந்து வயது நிறைந்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு அட்சராப்பியாசம். அன்று வீட்டில் வேறு யாரும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. ஒரே நாளில் எழுத்து முழுவதும் தெரிந்துவிடும். மகள்கள் மாலி, நான்சி இரண்டு பேருக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. அதை அம்மா கடைசி வரை மறக்கவில்லை, எழுதியே வைத்துவிட்டார். மறுநாள் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவார்கள். பாடப்புத்தகம் போதாதபோது அவரே எழுதினார்: விசுவாசப் பிரமாணத்துக்கு விளக்கம், மகள் சுக்கிக்கு எழுதிய நீண்ட கடிதமாக.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் ஒன்று. நன்றாக வாசிக்கத் தெரியும் வரை எந்தப் பெண் பிள்ளைக்கும் தையல் வேலை கொடுக்கக் கூடாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால்! அந்த வீட்டு ஹெட்டி எட்டு வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தாள். செய்த தப்பைத் தானே ஒத்துக்கொண்டால் அடி கிடையாது, ஒரே தப்புக்கு இரண்டு தரம் தண்டனை கிடையாது என்பவையும் அவர் சட்டங்கள். பிடிக்காததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கினார்; பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் அடக்க வேண்டும் என்று நம்பினார். சில போதகர்கள் இந்த ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு பேசுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. சத்தமில்லாமல் அழும் குழந்தைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

1709 பிப்ரவரி ஒன்பதாம் தேதி நள்ளிரவில் குருமனை தீப்பிடித்தது. நிறைமாதக் கர்ப்பிணியான சூசன்னா நெருப்புக்குள் நடந்து வெளியே வந்தார். தோட்டத்தில் நின்று பிள்ளைகளை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. ஐந்து வயது ஜாக்கி மாடியில் தனியாக இருக்கிறான். அப்பா படியேறப் பார்த்தார், படி எரிந்துகொண்டிருந்தது, முழங்காலிட்டு மகனைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டார். ஏணி கொண்டுவர நேரமில்லை. அக்கம்பக்கத்தார் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாகப் பையனை இழுத்து எடுத்தார்கள். சற்று நேரத்தில் கூரை உள்பக்கமாக விழுந்தது.

தீ அணைந்தது, பள்ளியும் குலைந்தது. பிள்ளைகளை உறவுக்காரர், அண்டை வீட்டார் என்று ஆளுக்கொரு வீட்டில் விட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது பேச்சு கெட்டிருந்தது, பழக்கம் கெட்டிருந்தது. சூசன்னா முதலிலிருந்து தொடங்கினார். ஆனால் இந்த முறை பழைய பள்ளியோடு அவர் மனம் நிற்கவில்லை.

1711-இல் கணவர் திருச்சபைப் பேரவைக்காக லண்டன் போயிருந்தார். அவருடைய படிப்பறையில் மூத்த மகள் எமிலி ஒரு சின்னப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். தூர தேசத்தில் வேலை செய்யும் டேனிஷ் மிஷனரிகள் இருவரைப் பற்றியது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பல நாள் வேறு எதுவும் நினைக்க முடியவில்லை என்று அந்த அம்மா கணவருக்கு எழுதினார். அந்தத் தூர தேசம் எது தெரியுமா?

நம் தரங்கம்பாடி.

1706 ஜூலை ஒன்பதாம் தேதி கரை இறங்கினார்களே, சீகன்பால்குவும் புளுட்சோவும், அவர்களுடைய கதைதான் அது. சீகன்பால்கு அப்போது இருபத்து நாலு வயதுக்காரர். தமிழ் படிக்க வழி தெரியாமல் ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டுக்கே பள்ளியோடு வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து அ, ஆ எழுதினார். சொல்லிக்கொடுக்கக் கப்பலேறி வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். இந்தக் காட்சி எப்வொர்த் போன புத்தகத்தில் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். காவிரி கடலில் சேரும் அந்தக் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு செய்தி, பனி பெய்யும் ஊரில் ஒரு தாயின் நினைவைப் பல நாள் நிறைத்தது என்பது மட்டும் அவர் கைப்பட எழுதியது.

என்ன யோசித்தார்? நான் ஆணும் இல்லை, குருவும் இல்லை. கப்பலேற என்னால் முடியாது. ஆனால் என் பிள்ளைகளிடத்திலிருந்து தொடங்கலாமே. தொடங்கினார். எப்படி? தினமும் இரவில் ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாக உட்கார்ந்து பேசுவது. திங்கள் மாலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜாக்கிக்கு, வெள்ளி பேட்டிக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு எமிலிக்கும் சுக்கிக்கும். மூத்த பையன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். கடைக்குட்டி கெஸிக்கு இன்னும் வயது வரவில்லை. சார்லஸுக்கே நாலு வயதுதான். நாலு வயதுப் பிள்ளையின் ஆத்துமாவைப் பற்றிப் பேச ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் நேரம் ஒதுக்கப்பட்டது!

ஆறு மணி நேரம் பிள்ளைகளை ஒன்றாக உட்கார்த்திப் பாடம் நடத்தியவர்தான். அது போதாது என்று ஏன் தோன்றிற்று? நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போனால் மேய்ப்பன் என்ன செய்வான் என்று நம் ஆண்டவர் கேட்டாரே, அதை நாம் காணாமல் போன ஆட்டுக்கு மட்டும் உரிய கதையாக வாசிக்கிறோம். தீப்பிடித்த இரவில் ஒரு தலை குறைந்த வீட்டின் தாய்க்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கும். எண்ணினால்தானே ஒன்று குறைவது தெரியும்? வியாழன் என்றால் ஜாக்கி என்று வைப்பதும் ஒரு எண்ணிப்பார்த்தல்தான்.

அதே குளிர்காலத்தில் ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் ஒரு பிரசங்கத்தை வாசித்துக் காட்டினார். ஒரு வேலைக்காரப் பையன் தன் வீட்டில் போய்ச் சொன்னான், அவர்கள் வந்தார்கள், அடுத்த வாரம் இன்னும் பேர். இருநூறு பேர் வரை ஆயிற்று. கோவிலில் தனக்குக் கூட்டம் இல்லையே என்று உதவிக்குருவுக்கு வயிற்றெரிச்சல். லண்டனுக்கு எழுதினார். கணவர், வேண்டாமே என்று ஜாடையாக எழுதினார். அம்மா பதில் எழுதினார்: ஜாடை போதாது, நிறுத்து என்று கட்டளையே இடுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் இதற்கான பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். கட்டளை வரவில்லை.

இந்த வீட்டின் கதை மகன்கள் பெரிய ஊழியர்கள் ஆனார்கள் என்று முடிந்துவிடாது. செவ்வாய்க்கிழமைப் பிள்ளை ஹெட்டியை நினையுங்கள். கிரேக்கம் படித்தவள், கவிதை எழுதுபவள். ஒருவனை நம்பி 1725-இல் வீட்டை விட்டுப் போனாள்; அவன் கைவிட்டான். அவசரமாக, மனம் ஒவ்வாத ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அப்பா அவளைச் சாகும் வரை மன்னிக்கவில்லை. தம்பி ஜான், தவறியவர்களிடம் காட்டவேண்டிய அன்பைப் பற்றிப் பக்கத்து ஊர்க் கோவிலில் பிரசங்கம் செய்தார். யாருக்காக என்று அப்பாவுக்குப் புரிந்து கோபம் வந்தது. ஆறு மணி நேரப் பள்ளிக்கூடம் நடந்த அதே வீட்டின் கதவு, திரும்பி வர விரும்பிய மகளுக்கு மூடியிருந்தது. வீட்டுக் கல்வியில் இறங்கும் தம்பதிகள் என்னிடம் பாட அட்டவணை கேட்கிறார்கள். ஹெட்டிக்காக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

வியாழக்கிழமைப் பிள்ளையோ 1732-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியர், வயது இருபத்தெட்டு. அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறார்: எனக்கென்று வியாழக்கிழமை மாலை கொஞ்ச நேரம் கொடுப்பீர்களே, அதை எனக்காக ஜெபத்தில் இப்போதும் ஒதுக்க முடியுமா? இருபது வருஷம் ஆகியும் பையனுக்குக் கிழமை மறக்கவில்லை. அவர் தொடங்கி வைத்த இயக்கத்தார் 1814-இல் இலங்கையில் இறங்கி, மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1817-இல் சென்னைக்கும் வந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து போனது ஒரு வீட்டு அடுப்படியைச் சுற்றிவிட்டு நம்மிடமே திரும்பி வந்தது.

வெங்காயம் என்ன ஆயிற்று என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை கேட்கிறது. சொல்கிறேன். அம்மா நெற்றியில் கை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள். கக்கத்தில் கைவிட்டு வெங்காயத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல் கொல்லையில் வாழை மூட்டில் எறிந்தாள். மூத்ததுகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். சின்னதுகள் இரண்டையும் ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே என் பாயில் உட்கார்ந்தாள்.

“காய்ச்சக்காரனுக்குக் கஞ்சியா, இட்லியா?”