கைதட்டல் இல்லாத இடம்

நெருப்பு வளையத்தைத் தாண்டிய சர்க்கஸ் சிங்கத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? சின்ன வயசில் கைதட்டியதோடு நம் வேலை முடிந்தது, இல்லையா?

விசாகப்பட்டினம் போனால் இந்திரா காந்தி விலங்கியல் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1977-ல் திறந்தது. 625 ஏக்கர். மூன்று பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலை, நாலாவது பக்கம் வங்கக் கடல். வெள்ளைப் புலி, நீர்யானை எல்லாம் ஆசைதீரப் பார்க்கலாம். ஆனால், சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் அங்கே அமைத்த மையத்தைப் பார்க்க டிக்கெட் கிடையாது. அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை.

கதை இதுதான். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தடை சரிதான் என்று 2000-ல் கேரள உயர் நீதிமன்றமும், 2001-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டன. விசாகப்பட்டினம், திருப்பதி, நம்ம வண்டலூர் என்று பல ஊர்களில் மீட்பு மையங்கள் வந்தன.

'காட்டிலேயே விட்டிருக்கலாமே?' என்கிறீர்களா? முடியாது சார். வேட்டையைத் தாயிடம்தான் குட்டி கற்றுக்கொள்ளும். கூண்டில் பிறந்தது எதைக் கற்றிருக்கும்? பசித்தால் மனிதனைத் தேடித்தான் வரும். தவிர, சர்க்கஸ் சிங்கங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்க - ஆசியக் கலப்பினம். கிர் காட்டில் விட்டால் அங்கே மிச்சமிருக்கிற ஆசியச் சிங்கத்தின் வம்சமே கலப்பாகிவிடும். அதனால், மையத்திலும் குட்டி போட விடுவதில்லை.

அடைத்தும் வைத்து, வம்சத்தையும் நிறுத்துவதற்குப் பெயர் கருணையா? நியாயமான கேள்வி. நல்ல வழி என்று ஒன்று இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. மிஞ்சியிருந்த கெட்ட வழிகளில் குறைந்த கெட்டதைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. கொஞ்சம் நிழல், வேளைக்கு இறைச்சி, நோய்க்கு மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே, ஆயுசு பூராவும் வேடிக்கைப் பொருளாக இருந்த ஜீவனுக்கு யாரும் பார்க்காத ஒரு மூலை! சிங்கம் இருபது வயதைத் தாண்டுவது அபூர்வம். 2001-ல் குட்டியாக வந்ததுகூட இன்றைக்கு இருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு கூண்டாகக் காலியாவதுதான் அந்த வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம். இதற்கு யார் கைதட்டுவார்கள்?

பறித்ததைத் திருப்பித் தர முடியாதபோது கடன் தீர்ந்துவிடுகிறதா? 'அதான் ஸாரி சொல்லிட்டேனே' என்று எழுந்து போய்விடலாமா?

நம் வீடுகளையே பாருங்கள். தம்பி, தங்கைகளுக்காகப் பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்! ஐம்பத்தைந்து வயசில் அவருக்குப் பள்ளிக்கூடத்தைத் திருப்பித் தர முடியுமா? அவரை வைத்துக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அதைக்கூட நாம் எப்படிச் செய்கிறோம்? கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், 'அக்கா எங்ககூடத்தான் இருக்கா. நான்தான் பார்த்துக்கறேன்' என்கிறோம். அந்த நிமிஷம் அக்கா தலையைக் குனிந்துகொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? மறுபடியும் அவரை வளையத்துக்குள் நிறுத்திவிட்டோம். இந்தத் தடவை நமக்கான கைதட்டலுக்காக!

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அக்கா இருந்தால், அடுத்த விசேஷத்தில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்து பாருங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் இல்லாதபோது கேளுங்கள். போதும்.