52 கழித்தல் 27

மூன்றாம் வகுப்பில் நோட்டுத் திருத்துகிற எந்த ஆசிரியரும் இந்த விடையைப் பார்த்திருப்பார்: 52-இல் 27 போனால் மீதி 35. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 25, அடுத்த நோட்டு. மேசையில் நாற்பது நோட்டு குவிந்திருக்கும்போது வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த 35-இல் சற்று நிற்கத்தான் வேண்டும்.

பிள்ளை என்ன செய்திருக்கிறது? ஒன்றின் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறது. பத்தின் இடத்தில் 5-இல் 2 போக 3. இரண்டு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. கவனக்குறைவு என்றால் அடுத்த கணக்காவது சரியாக வந்திருக்கும். 41-இலிருந்து 18-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள், 37 என்று எழுதும். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் கடைப்பிடிக்கிறது அந்தப் பிள்ளை.

அந்த விதி பெரும்பாலும் நம்மிடமிருந்தே போயிருக்கும். “சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது” என்று முதல் வகுப்பில் சொல்லாத ஆசிரியர் குறைவு. அன்றைய பாடத்துக்கு அது வசதியான வாக்கியம். பிள்ளை அதை நம்பியது. பிறகு கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தபோதும் பழைய வாக்கியம் உள்ளே அப்படியே இருந்தது. நாம் தவறு என்று சுழித்தது, நம் சொல்லுக்குப் பிள்ளை காட்டிய கீழ்ப்படிதலை.

“எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு” என்று பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் இது தெரிந்துவிடும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் கொடுத்து, ஏழு குச்சி எடுத்துத் தா என்றால், பிள்ளை முதலில் உதிரியைப் பார்க்கும், நம் முகத்தைப் பார்க்கும், பிறகு தானே ஒரு கட்டை அவிழ்க்கும். கடன் என்ற சொல்லே அங்கே தேவைப்படாது.

பாடம் முடிந்தபின் நம்மை நாமே கேட்டுக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் நம்மைப் பற்றியே இருக்கிறது: நன்றாக நடத்தினேனா, பாடக்குறிப்பில் எழுதியதை முடித்தேனா, வகுப்பு அமைதியாக இருந்ததா. வகுப்பைக் கேட்டாலோ, “புரிஞ்சுதா?” என்போம். “புரிஞ்சுது சார்” என்று கூட்டாகக் குரல் வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

கேள்வி கேட்டுவிட்டு நாம் காத்திருப்பதும் இல்லை. அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970-களில் காட்டினார். அதை மூன்று நொடியாக்கியபோது விடைகள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வகுப்பில் மூன்று நொடி மௌனம் எவ்வளவு கனக்கும் என்று ஆசிரியருக்குத்தான் தெரியும்.

பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று பார்ப்பதை ஜப்பானில் தனி ஒருவரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடவில்லை. அங்கே ‘ஜுக்யோ கென்க்யூ’ என்ற பாட ஆய்வு முறை மெய்ஜி காலத்திலிருந்தே பள்ளிகளில் வேரூன்றியது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் எப்படியெல்லாம் தவறாக நினைக்கக்கூடும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தபடி நிற்பார்கள். பிறகு நடக்கும் கலந்துரையாடலில், நடத்தியவரே முதலில் பேசுவது வழக்கம். 1999-இல் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய புத்தகம் இதை அமெரிக்காவின் கவனத்துக்குக் கொண்டுபோனது.

நம் ஊரில் வகுப்புக்குள் இன்னொரு பெரியவர் நுழைந்தாலே அது ‘ஆய்வு’. பதிவேட்டைத் தேடி எடுத்துவைக்கிறோம், பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள், பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது இயல்பான காரியமாக இன்னும் ஆகவில்லை. அச்சம் இருக்கிற இடத்தில் யாரும் தன் பாடத்தைத் திறந்து காட்டமாட்டார்கள். இதில் ஆசிரியரை மட்டும் குறைசொல்வது அநியாயம்.

எனவே தலைமையாசிரியர்களிடமும் வட்டாரக் கல்வி அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். ஆசிரியர்கள் ஆளுக்கு ஐந்து நோட்டு கொண்டுவரட்டும், திருத்தாத நோட்டாக. எந்தப் பள்ளி, யாருடைய வகுப்பு என்று கேட்காதீர்கள். இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதியது என்பதை மட்டும் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.