காலனி என்றொரு சொல்

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்கு நாலைந்து அர்த்தம் போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் பிடித்து ஆண்ட நாடு காலனி. எறும்புக் கூட்டம் காலனி. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்கிற பாக்டீரியாத் திட்டும் காலனிதான். நகரத்தில் ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் கௌரவம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அடைமொழியே வேண்டியதில்லை. வெறும் 'காலனி' என்றால் போதும், கேட்கிறவன் ஒரு அடி தள்ளி நிற்பான். அகராதி எழுதியவர்களுக்கு இந்த அர்த்தம் எட்டவில்லை.

மூலம் லத்தீன் 'கொலோனியா'. உழுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ரோமாபுரி அரசு, ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு ஜெயித்த மண்ணில் நிலம் பிரித்துக் கொடுத்துக் குடியேற்றிய ஊர் அது. ஜெர்மனியில் கொலோன் நகரத்தின் பேரே அதிலிருந்து வந்ததுதான். அங்கே நிலம் கிடைத்தவன் காலனிக்காரன். இங்கே உழுகிறவன் காலனிக்காரன், ஆனால் நிலம் அவனுடையதல்ல. 1892 ஆணைப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்காக நகரத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். வீட்டுக்காரர் விசாரித்தார்.

"ஊர்ல எந்த இடம் தம்பி?"

"காலனிங்க."

"ஹவுசிங் போர்டா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சாவி கொடுத்தார். நாலு மாசம் கழித்து அம்மா வந்தாங்க. அந்த வீட்டம்மா காபி கொடுத்துக்கிட்டே அதே கேள்வியைக் கேட்டாங்க. அம்மாவுக்கு ஒளிக்கத் தெரியாது. "காலனிதாம்மா, ஊருக்கு அந்தாண்ட, ஏரிக்கரையோரம்." அடுத்த மாசம் மகளுக்கு வீடு வேணும்னு சொல்லிட்டாங்க. பஸ்ஸில் ஏற்றிவிடும்போது அம்மா கேட்டாங்க: "நான் எதனா தப்பா சொல்லிட்டனாடா?"

வீடு போனதைவிட இந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. நான் பொய் சொல்லவில்லை. 'காலனி' என்ற சொல்லின் இன்னொரு அர்த்தத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் இருப்பதை நாங்கள் ரசிப்பதற்கு முன்னால் பதுங்கப் பழகிக்கொள்கிறோம். அந்த மௌனத்தை ஒருவன் தந்திரம் என்பான், ஒருவன் துரோகம் என்பான். என்னைக் கேட்டால், அம்மாவின் முன்னால் அது துரோகம்தான். வீட்டுக்காரருக்கு நான் உண்மை கடன்பட்டிருக்கவில்லை.

'சேரி'க்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. சேர்ந்து வாழும் இடம் என்ற பொதுச்சொல் அது, பார்ப்பனச்சேரியும் இருந்தது. ராஜராஜன் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே 'தீண்டாச்சேரி' வந்துவிடுகிறது. ஆக, சொல் எங்கிருந்து வந்தாலும், எங்கள் குடியிருப்புக்கு வைத்த மறுநாளே அது நாற ஆரம்பித்துவிடுகிறது.

கேரளத்தில் 2024 ஜூனில், பதவி விலகும் நாளில் அமைச்சர் கே.ராதாகிருஷ்ணன் 'காலனி' என்ற பேரை நீக்கி ஆணையிட்டார். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து இச்சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். எங்கள் தெருவில் பையன்கள் உடனே கூடிவிட்டார்கள். அம்பேத்கர் நகர் என்று ஒரு கட்சி, ஊர்ப்பேரையே வைத்துக் கிழக்குத் தெரு என்று எழுதணும் என்று இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. நகர் என்றாலும் தனி நகர்தானே? தெரு என்றால் ஊரின் தெரு. ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு சங்கதி. குழாயும் சுடுகாட்டுப் பாதையும் இப்போதும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

பேர் போகட்டும், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். ஆனால் பழைய காகிதத்தில் அடித்துத் திருத்துவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978 சட்டத்தின்படி எங்களுக்கு மனை கொடுத்தார்கள். மனை கிடைத்தது நல்லதுதான். அதை ஊரை ஒட்டிக் கொடுக்காமல் ஏரிக்கரைக்குத் தள்ளியது யார், எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள்? அந்தக் கோப்பில் 'காலனி' என்று இருப்பது வசவு அல்ல, சாட்சியம்.

தாலுகா ஆபீசில் நகல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.