மேல்மாடியில் உடைந்த குடம்

 

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக. ஆமீன்.

ஆலிம் பெருமக்கள் நிறைந்த நம் ஜமாஅத்தில் மார்க்கம் பேச எமக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். தகுதி ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு தவற்றைச் செய்து அதன் கசப்பை உணர்ந்தவன், அதே தவற்றில் மற்றவர் விழாதபடி எடுத்துச் சொல்வது கடமையல்லவா? அந்த எண்ணத்தோடுதான் இந்த நல்லுரையை எழுதுகிறோம்.

கி.பி. 622ஆம் ஆண்டு நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா வந்து சேர்ந்தார்கள். ஊரார் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்கு அழைத்தனர். இறுதியில் அபூ ஐயூப் அல் அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டுக்கே அந்தப் பாக்கியம் கிட்டிற்று. பள்ளிவாசலும் அதையொட்டிய அறைகளும் கட்டி முடியும் வரை சில மாதங்கள் அங்கே தங்கினார்கள்.

அது மாடி வீடு என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? தம்மைப் பார்க்க வருவோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கீழ்த்தளத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அபூ ஐயூபும் அவர்களுடைய மனைவியாரும் மேலே இருந்தார்கள். ஒரு நாள் மேல்மாடியில் தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. ஒரு சொட்டாவது கீழே ஒழுகி அண்ணலாரின் மீது விழுந்துவிடுமோ என்று இருவரும் பதறினார்கள். போர்த்திக்கொள்ள அவர்களிடம் இருந்ததோ ஒரே ஒரு போர்வை. அதை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் ஒற்றி எடுத்தார்கள். தாம் மேலேயும் அண்ணலார் கீழேயும் இருப்பது தகாது என்று அவர்கள் மன்றாடிக் கேட்டதன் பேரில், பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் மேல்தளத்துக்கு மாறினார்கள்.

இந்த வரலாற்றை ரபீஉல் அவ்வல் மஜ்லிஸுகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கண் கலங்கியும் இருக்கிறோம். ஆனால் அது நமக்கும் நம் வீட்டுக்கும் உரிய பாடம் என்று எண்ணினோமா?

சகோதரர்களே! சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த நம் பாட்டனார்களுக்கு வீடு என்று ஒன்று ஏது? தஞ்சோங் பகாரிலும் மார்க்கெட் தெருவிலும் கடையே வீடாக இருந்தது. பகலில் வியாபாரம் நடந்த இடத்தில் இரவில் பாய் விரித்தார்கள். அஞ்சடியில் உட்கார்ந்து ஊர்க் கடிதம் படித்தார்கள். 1826ஆம் ஆண்டில் தோன்றிய சூலியா பள்ளிவாசல் அவர்களைத் தொழுகைக்கு ஒன்று கூட்டியது. அடுத்த கடைக்காரர் யார், அவர் எந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

1960ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதன் பிறகு அடுக்குமாடிகள் வெகு விரைவாக எழுந்தன. தோ பாயோவுக்கும், பிற்பாடு தெம்பனிசுக்கும் உட்லண்ட்சுக்கும் பொங்கோலுக்கும் நம்மவர்கள் பரவினர். பள்ளிவாசல் கட்டட நிதியைக் கொண்டு முதன்முதலாகத் தோ பாயோவில் எழுந்த பள்ளிவாசல் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? முஹாஜிரீன் பள்ளிவாசல்! ஹிஜ்ரத் செய்து வந்தவர்களின் பள்ளி! புது நகரில் குடியேறிய மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ?

ஆனால் பெயரில் முஹாஜிர்களாக இருந்தால் போதுமா? குணத்திலும் அவ்வாறு இருக்க வேண்டாமா? இதை எண்ணும்போதுதான் எம் தவறு எம்மைச் சுடுகிறது. மறைக்காமல் சொல்கிறோம்.

நாம் இப்போதைய வீட்டுக்குக் குடிவந்தபோது செய்ய வேண்டியன யாவற்றையும் செய்ததாகவே நினைத்தோம். ஹஜ்ரத்தை அழைத்து யாஸீன் ஓதினோம். மௌலிது ஓதி, நெய்ச்சோறு ஆக்கி, ஊர்க்காரர்கள் அனைவருக்கும் விருந்து வைத்தோம். கிப்லா பார்த்து முஸல்லா விரித்தோம். வாசலுக்கு மேலே ஆயத்துல் குர்ஸி மாட்டினோம். தீவின் மறுகோடியிலிருந்தெல்லாம் விருந்தினர் வந்து உண்டு மகிழ்ந்தனர். ஆனால் பக்கத்துக் கதவுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரு தட்டுப் பழம்கூடப் போகவில்லை. அங்கே யார் இருக்கிறார் என்று கேட்கவும் இல்லை.

சில மாதங்கள் சென்றன. ஒரு நாள் இரவு கடை சாத்திவிட்டு வந்தபோது, கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் எம் வாசலில் நின்றிருந்தார். எங்கள் குளியலறையிலிருந்து தம் குளியலறைக்குள் நீர் சொட்டுவதாக மெல்லச் சொன்னார். "பார்க்கிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். நோன்புப் பெருநாள் வியாபார நேரம் அது. "அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள்" என்று கூறிக் கதவைச் சாத்தினோம். அதன் பின் அவர் வரவில்லை. தொல்லை விட்டது என்று நாமும் மறந்தோம்.

பல மாதங்களுக்குப் பின் ஒரு மௌலிது மஜ்லிஸில், மேலே சொன்ன அபூ ஐயூப் (ரலி) அவர்களின் வரலாற்றை ஹஜ்ரத் ஓதிக் காட்டினார். அந்தப் போர்வையைப் பற்றிச் சொன்னபோது எம் நெஞ்சில் யாரோ கல்லை எறிந்தாற்போல் இருந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பழக்கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம்.

பெரியவர் கதவைத் திறந்தார். கோபமில்லை. உள்ளே அழைத்துக் காட்டினார். கூரையில் சாயம் உரிந்து கறுத்திருந்தது. கீழே ஒரு வாளி. வாளியின் பக்கத்தில் மடித்த பழைய துவாலை. அவருடைய மனைவிக்கு நடை தளர்ந்துவிட்டது. தரை ஈரமாக இருந்தால் வழுக்கி விழுந்துவிடுவார் என்று, அவர் குளியலறைக்குப் போகுமுன் ஒவ்வொரு தடவையும், இரவில் எழுந்தும்கூட, அந்தத் துவாலையால் பெரியவர் தரையைத் துடைத்து வந்திருக்கிறார்!

சகோதரர்களே! மேல்மாடியில் இருந்த நாம் எம் போர்வையால் துடைத்திருக்க வேண்டிய நீரை, கீழே இருந்தவர் மாதக்கணக்கில் தம் துவாலையால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மையார் வழுக்கி விழவில்லை. அது அல்லாஹ் எம்மீது கொண்ட கிருபை. விழுந்திருந்தால் மறுமையில் என்ன பதில் சொல்லியிருப்போம்? பெருநாள் வியாபாரம் என்றா?

கூரைக் கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் பொறுப்பு என்று கழகத்தின் விதி கூறுகிறது. தாமதம் எம்முடையது என்பதால் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னோம். பெரியவர் இணங்கவில்லை. தம் பாதியை எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். ஒருவர் தம் கடமையைச் செய்ய முன்வரும்போது தடுப்பது மரியாதையாகாது. ஆனால் அந்தப் பாதி எம் கணக்குப் புத்தகத்தில் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது. அது பணத்தால் தீரும் பாக்கியன்று.

"அவர் நம் மார்க்கத்தவர் அல்லவே" என்று சிலர் நினைக்கக்கூடும். திருமறையின் ஸூரத்துன் நிஸா 36ஆம் வசனம், உறவான அண்டை வீட்டாருக்கும் உறவல்லாத அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யும்படி ஒரே மூச்சில் கட்டளையிடுகிறது. ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்கு ஓயாமல் உபதேசித்ததால், சொத்தில் அவர்களுக்கு வாரிசுப் பங்கே வந்துவிடுமோ என்று தாம் எண்ணியதாக நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய செய்தியை அந்த ஸஹாபி அப்போது நினைவூட்டினார்கள்.

இரு அண்டை வீட்டாரில் யாருக்கு அன்பளிப்புத் தருவது என்று அன்னை ஆயிஷா (ரலி) கேட்டபோது, எவருடைய வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று அண்ணலார் பதிலளித்தார்கள். எந்த இனம், எந்த மொழி என்று அளக்கவில்லை. வாசலின் தூரத்தையே அளந்தார்கள். இந்நாட்டில் ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழவேண்டும் என்ற கொள்கை 1989ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. ஆகவே நம் அருகிலுள்ள வாசல் பெரும்பாலும் பிற இனத்தவரின் வாசலாகவே இருக்கும். அதுவே நமக்குரிய வாசல்.

நாம் வியாபாரிகள். கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் எந்த அரிசி வாங்குவார், எந்தத் தேதியில் பாக்கி தருவார் என்பதெல்லாம் நமக்கு அத்துபடி. ஒரு வெள்ளிக்காக அவ்வளவு நினைவு வைக்கும் நாம், அல்லாஹ்வுக்காக நான்கு வாசல்களின் பெயரை நினைவில் வைக்கலாகாதா?

புது வீடு புகுவோர் இவற்றைக் கடைப்பிடிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சுவர் இடித்து வேலை தொடங்குமுன் மேல்வீடு, கீழ்வீடு, இருபுறத்து வீடுகள் நான்கிலும் நேரில் போய்ச் சொல்லுங்கள். விருந்து வைத்தால் தாழ்வாரத்தை அடைத்துச் செருப்புக் கிடக்க விடாதீர்கள். மூங்கில் கழியில் துணி போடுமுன் நன்றாகப் பிழியுங்கள். கீழ்வீட்டார் உலர்ந்த துணி போட்டிருப்பார். இரவில் மசாலா இடிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் சைவ உணவினர் இருந்தால் இறைச்சிச் சோறு வேண்டாம், பழம் அனுப்புங்கள். எவரேனும் குறை சொல்லி வந்தால் அன்றைக்கே கீழே இறங்கிப் பாருங்கள். நாளை என்பது வியாபாரிக்கும் ஆகாது, அண்டை வீட்டாருக்கும் ஆகாது.

மதீனா வந்த புதிதில் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களுக்குச் சொன்ன உபதேசத்தை, அப்போது யூத அறிஞராக இருந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸலாமைப் பரப்புவது, உணவளிப்பது, மக்கள் உறங்கும் வேளையில் தொழுவது ஆகியவை அதில் அடங்கும். இவற்றைச் செய்வோர் நிம்மதியோடு சுவனம் புகுவர் என்பது அதன் கருத்து. தஹஜ்ஜுத்துக்கு நாம் எழும் அதே வேளையில், கீழே ஒரு முதியவர் நம் வீட்டு நீரைத் துடைக்க எழுந்துகொண்டிருந்தால், நம் தொழுகையின் நிலை என்னவாகும்? சிந்தியுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் இல்லங்களை எங்களுக்கு நிம்மதியாகவும், எங்கள் அண்டை வீட்டாருக்கு அமைதியாகவும் ஆக்கி வைப்பாயாக. எங்கள் கையாலும் நாவாலும் அலட்சியத்தாலும் எவரும் துன்புறாமல் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.