அந்த ஏழு பேர்



இன்று புனித ஸ்தேவான் திருநாள். ஆனால் கடற்கரைப் பங்குகளில் டிசம்பர் 26 என்றால் முதலில் நினைவுக்கு வருவது 2004 சுனாமி. திருப்பலி முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகப்போகிறோம். பூவும் மெழுகுதிரியும் இப்போதே பலர் மடியில் இருக்கின்றன.

முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஏழு வசனங்களை இன்று வாசிப்பதில்லை. ஸ்தேவான் எப்படிப் பந்தி பரிமாறும் பொறுப்புக்கு வந்தார் என்பது அவற்றில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போய் எடுத்துப் படியுங்கள்.

எருசலேம் திருச்சபையில் ஒரு மனத்தாங்கல். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்களைக் கவனிக்கவில்லை என்று அவர்கள் பக்கத்தார் முணுமுணுத்தார்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் நம் தெருவில் எழுமே, அதே முணுமுணுப்பு. பன்னிரு திருத்தூதர்களும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு பரிமாறக் கிளம்பவில்லை. சபையைக் கூட்டினார்கள். உங்களுக்குள்ளேயே நல்ல பெயரும் ஞானமும் உள்ள ஏழு பேரை நீங்களே பாருங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். வயிறு காய்ந்தவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டது அந்தச் சபை! திருத்தூதர்கள் அவர்கள்மீது கை வைத்து வேண்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பின்னால் நின்று மேற்பார்வை பார்த்ததாக லூக்கா எழுதவில்லை. பங்குத்தந்தைகளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பகுதி.

2004-இல் சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை மணி. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய ஒன்பதாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் சொல்ல ஆளில்லை. கடல் உள்வாங்கிய இடங்களில் அது எதற்கு அடையாளம் என்று தெரியாமல் சனங்கள் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணியில் மாதாவைத் தேடி வந்த பயணிகளும் போனார்கள். ஆண்டவர் ஏன் விட்டார் என்று இன்றும் கேட்கிறீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் ஏன் வீணாயிற்று என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்.

இந்தோனேசியாவின் சிமலூ தீவு, அந்த நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. அலை பத்து நிமிடம்போலத்தான் அவகாசம் கொடுத்தது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் அங்கே ஒருமுறை கடல் ஏறி ஊரை அழித்திருந்தது. நிலம் பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிவைத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையம் நடத்திவந்தது. கடல் நிலவரத்தை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வார்கள். முன்பு அந்தத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த ஒருவர் அன்று சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்கே செய்தியைப் பார்த்தவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். ஊரார் ஓடினார்கள். ஞாயிற்றுக்கிழமை, மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். 3,600-க்கு மேற்பட்ட சனம் தப்பியது. எந்த அறையில் மைக் இருக்கிறது, எதை அழுத்தினால் பேசும் என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் அலை உயரம் அறிவித்துப் பழகிய கைகள் அவை.

பிறகு உதவி வந்தது, மறுப்பதற்கில்லை. அதை வாங்கித்தான் எழுந்தோம். ஆனாலும் சாலையோரம் மலைபோலக் குவிந்து, மழையில் நனைந்து நாறிய பழைய துணிகளை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கடலில் மீன் இருக்கிறதா என்று கேட்காமல் ஃபைபர் படகுகளைத் தேவைக்கு மேலே கொடுத்தார்கள். உங்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் போதும்.

ஊரார் கையிலேயே பொறுப்பு வந்த இன்னொரு கதை பிச்சாவரத்தில் நடந்தது. அலையாத்திக் காடு அழிகிறது என்றால், விறகு வெட்டுபவர்களும் மாடு மேய்ப்பவர்களும்தான் காரணம் என்று வெகு காலம் பேசினார்கள். ஆராய்ந்து பார்த்தால், பழைய நாளில் அரசே முறைவைத்து மொத்தமாக வெட்டியதால் தரை காய்ந்து அமிழ்ந்து குழியாகியிருந்தது. ஏறிய உப்புநீர் வடியாமல் தேங்கி, உப்பு மிஞ்சி, எதுவும் முளைக்கவில்லை. மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து போக வழி செய்தபோது கன்று பிடித்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் சுற்றுக் கிராமத்துச் சனங்களே. குற்றவாளிகள் என்று பெயர் வாங்கியவர்கள் கையில் மண்வெட்டியும் காட்டின் பொறுப்பும் வந்தன. ஆறாம் அதிகாரத்தின் ஏழு பேரோடு இவர்களையும் சேர்த்து எண்ணத் தோன்றுகிறது எனக்கு.

இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் இயங்குகிறது. செய்தி சில நிமிடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை வந்துவிடும். அங்கிருந்து மூன்றாவது தெருவில் தனியாக இருக்கும், நடக்க முடியாத பாட்டியின் கட்டில் வரை யார் கொண்டுபோவது? ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி கிராமங்கள் இதற்குத் தயாராகி, 2020-இல் யுனெஸ்கோவின் சுனாமி ஆயத்த ஊர் என்ற அங்கீகாரம் பெற்றன. அவர்களும் நம்மைப் போல வலை வீசுகிற சனம்தான்.

இந்தப் பொறுப்புக்கு, நம் பங்கின் சிறு குழுவான ஒவ்வோர் அன்பியமும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். நான் பெயர் சொல்ல மாட்டேன். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஏனெனில் ஆண்கள் கடலில் இருக்கும் நேரத்தில் ஊரில் இருப்பவர்கள் பெண்கள்தான். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கை என்று அந்த இருவரும் எழுதிவைக்கட்டும். நீரில் விழுந்தவனுக்கு முதலுதவி செய்வதும், புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் புரிந்துகொள்வதும் படித்தே ஆக வேண்டியவை. கோயில் மைக் அறைச் சாவி கோயில்பிள்ளை ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. நாளை முதல் அது நான்கு வீடுகளில் இருக்கும். தீயணைப்பு நிலையத்தாரை வரவழைத்துப் பயிற்சி கொடுக்கலாம். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். அதுதான் தோதான நேரம். பெயர்களை மட்டும் பொங்கலுக்குள் கொடுத்துவிடுங்கள். திருத்தூதர்கள் செய்ததுபோல, பீடத்துக்கு முன்னால் நிறுத்திக் கைவைத்து வேண்டி அவர்களை அனுப்ப வேண்டும்.