மறைத்தலும் அருளே: வெல்டிங் முகக்கவசம் விளக்கும் ஒரு சித்தாந்த வினா

சைவ சித்தாந்தம் இறைவனுக்குப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களை வகுக்கிறது. இவற்றுள் நான்காவதான மறைத்தல் வடமொழியில் திரோதானம் எனப்படும்; உயிர் தன் தலைவனை உடனே அறியவிடாது, உலக அனுபவங்களில் ஈடுபடுத்திப் பக்குவம் பெறும் வரை நிறுத்திவைக்கும் செயலே அது. மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம், கூத்தப்பெருமானின் துடியிலே படைத்தலையும் தூக்கிய திருவடியிலே முத்தியையும் காட்டி, நிலத்தில் ஊன்றிய திருவடியிலே மறைத்தலைக் காட்டுகிறது. ஆடல் முழுவதையும் தாங்கி நிற்பது அந்த ஊன்றிய திருவடியே. ஆயினும் அருளே வடிவான ஒருவன் தன்னை மறைத்துக்கொள்வது எவ்வாறு அருளாகும் என்னும் வினா, நூல்களைக் கற்போரிடம் மட்டுமன்றித் துன்பத்தில் இறைவனைத் தேடும் எளிய அடியாரிடமும் எழுவது. பற்றவைப்பு எனப்படும் வெல்டிங் தொழிலைப் புதிதாகக் கற்க வருபவர் தமக்கென ஒரு முகக்கவசத்தைத் தேர்ந்தெடுக்கும் செயலைக் கூர்ந்து நோக்கினால், இவ்வினாவின் உள்ளியல்பு புலப்படும்.

மின்வில் என்பது வெல்டிங் ராடுக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் மின்சாரம் பாய்வதால் எழும் கடுஞ்சுடர். அதிலிருந்து கண்கூசும் ஒளியோடு, கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர்களும் அகச்சிவப்புக் கதிர்களும் வெளிப்படுகின்றன. புறஊதாக் கதிர் பட்ட விழியின் மேற்பரப்பு வெந்து புண்படுகிறது. ஆனால் அந்நேரத்தில் வலி தோன்றுவதில்லை. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போன்ற உறுத்தலும் நீர்வடிதலும் தொடங்குகின்றன. தீங்கு நேர்ந்த கணத்தில் தீங்கு தெரியாமையால், கற்பவர் தம் அனுபவத்தை மட்டும் நம்பித் தமக்கு வேண்டிய காப்பின் அளவை முடிவு செய்ய இயலாது. முன்னரே அறிந்தோர் வகுத்த அளவை ஏற்றே அவர் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த அளவு, ஷேடு எண் எனப்படும் கருமை எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் ஒன்று கூடும்போது கண்ணாடி விடும் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே 10ஆம் எண் கண்ணாடி, தன்மீது விழும் ஒளியில் சுமார் 7,000இல் ஒரு பங்கையே உள்ளே அனுப்புகிறது. இவ்வளவு ஒளியைத் தடுத்த கண்ணாடி பார்வையையும் தடுக்கும் என்று எண்ணுவது இயல்பே. நடப்பதோ அதற்கு மாறானது. வெறுங்கண்ணுக்கு மின்வில் ஒரு வெண்பிழம்பாக மட்டுமே தோன்றி, தன் கீழே நிகழும் அனைத்தையும் மூடிவிடுகிறது. கண்ணாடியின் வழியே நோக்குபவருக்கோ உருகிய இரும்பின் சிறு குளமும், அதன் பின்னே ஒதுங்கும் கசடும், இணைய வேண்டிய இரு விளிம்புகளும் தெளிவாகத் தெரிகின்றன. ஒளி மிகுந்தபோது மறைந்திருந்தது, ஒளி மறைக்கப்பட்டபோது வெளிப்படுகிறது.

ஒளி மிகுதியே இருளாகும் என்னும் இக்கருத்தைச் சிந்தனையாளர் பலர் கண்டுள்ளனர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார், ஆந்தையின் கண்ணுக்குப் பகலொளியும் இருளாதலைத் திருவருட்பயனில் உயிரின் நிலைக்கு உவமையாக்குகிறார். அரிஸ்டாட்டில், மிகத் தெளிவானவற்றின் முன் மனித அறிவு நிற்கும் நிலையைப் பகலொளியின் முன் வௌவாலின் கண்ணுக்கு ஒப்பிடுகிறார். பிளேட்டோவின் ஃபீடோ உரையாடலில் சாக்ரடீஸ், சூரிய கிரகணத்தை நேரே நோக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வோரைச் சுட்டி, நீரில் விழும் நிழலுருவைப் பார்ப்பது போல் உண்மையைச் சொற்களின் வழியே ஆராயத் தாம் முற்பட்டதாகக் கூறுகிறார். இம்மூவரும் ஒளியில் குறை காணவில்லை; காணும் கண்ணின் தகுதியையே கருதுகின்றனர்.

இங்கே சித்தாந்தம் மற்றொரு நுட்பமான வேறுபாட்டையும் வகுக்கிறது. உயிரின் அறிவைத் தொன்றுதொட்டு மூடியிருக்கும் ஆணவ மலம் ஒரு மறைப்பு. அந்த மலத்தின் வலிமை தேய்வதற்காக அதனைச் செலுத்தி நிற்கும் திரோதான சத்தி மற்றொரு மறைப்பு. மலத்தோடு சேர்ந்து தொழிற்படுவதால் திரோதானமும் ஒருவகையில் மலமென எண்ணப்பட்டாலும், இயல்பில் அது இறைவனின் ஆற்றலே. மலம் பக்குவமடைந்து தேயும் மலபரிபாகம் நிகழ்ந்ததும், மறைத்து நின்ற அதே சத்தி அருட்சத்தியாக விளங்குகிறது. ஒரே ஆற்றல் முன்னர் மறைத்துப் பின்னர் காட்டுவது எப்படி என்பதற்குத் தானாகக் கருமையடையும் முகக்கவசம் தக்க உவமையாகிறது.

பழைய வகைக் கவசத்தின் கண்ணாடி எப்போதும் கருமையாகவே இருப்பதால், மின்வில் மூளுமுன் உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ராடை எங்கே வைப்பதெனப் பார்க்கக் கவசத்தை உயர்த்தும் புதியவர், அதை இறக்குமுன்பே சுடர் மூண்டு கண்ணைப் புண்படுத்திக்கொள்கிறார். 1981இல் ஸ்வீடனின் ஹார்னல் நிறுவனம் அறிமுகப்படுத்திய கவசத்தில், மின்சாரத்தால் தன் நிலையை மாற்றிக்கொள்ளும் திரவப் படிகம் பொருத்தப்பட்டது. இவ்வகைக் கண்ணாடி 3 அல்லது 4ஆம் எண்ணில் வெளிறி நின்று வேலையிடத்தைக் காட்டுகிறது. சுடர் தோன்றியதும், நல்ல கருவிகளில் வினாடியின் 25,000இல் ஒரு பங்கு நேரத்துக்குள், கருமையடைகிறது. வெளிறிய நிலையிலும் அது புறஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்தே நிற்கிறது. கண்ணாடி ஒன்றே, காட்டுவதும் மறைப்பதும் அதனிடத்திலேயே நிகழ்கின்றன, காப்போ இரு நிலையிலும் நீங்குவதில்லை.

தேர்ந்தெடுக்கும் முறையும் இதனையே வலியுறுத்துகிறது. கருமையின் அளவை முடிவு செய்வது விலையோ தோற்றமோ அன்று, பாயும் மின்னோட்டமே. ராடு கொண்டு 60 முதல் 160 ஆம்பியர் வரை வேலை செய்வோருக்கு 10ஆம் எண் பரிந்துரைக்கப்படுகிறது. எனவே 9 முதல் 13 வரை மாற்றிக்கொள்ளத்தக்க கவசம் புதியவரின் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, உருகுமிடம் தெரியாத அளவு கருமையில் தொடங்கி, அது நன்கு தெரியும் வரை படிப்படியாகக் குறைத்து, வரையறுத்த குறைந்த எண்ணுக்குக் கீழே மட்டும் செல்லாதிருக்க அறிவுறுத்துகிறது. மலபரிபாகத்துக்கு ஏற்ப அருள் பதிவதாகிய சத்திநிபாதத்தை, மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் எனச் சித்தாந்தம் நால்வகைப் படியாகக் கூறுவதும் இத்தகைய ஒழுங்கே ஆகும்.

உரையாசிரியர்கள் கூறுவது போல உவமை ஒருபுடை ஒப்புமையே. கவசத்தை மனிதர் தாமே அணிகிறார்; திரோதானத்தை உயிர் தானே தேர்ந்துகொள்வதில்லை. மேலும், பிறரிடமிருந்து உண்மையை ஒளிப்போர் அனைவரும் அவர்தம் நன்மைக்காகவே ஒளிப்பதாகக் கூறிக்கொள்ள இக்கருத்து இடந்தந்துவிடக் கூடாது. அதனைத் தடுக்கும் உரைகல்லையும் இக்கவசமே அளிக்கிறது: மறைப்பு, காண்பவரின் கண்ணைக் காப்பதாயும், அவர் செய்யும் வேலையைத் தெளிவாகக் காட்டுவதாயும், தேவைக்கு மேல் ஓர் எண்ணும் கூடாததாயும் இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத மறைப்பு ஆணவத்தின் இனத்தைச் சேர்ந்தது. இம்மூன்றும் உடைய மறைப்பு, பெயரால் நான்காம் தொழிலாயினும், பயனால் ஐந்தாம் தொழிலாகிய அருளேயாகும்.