சாத்திர தானமும் சிந்தாமணியும்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் சமயம் இல்லறத்தார்க்கு விதித்துள்ளது. பசித்து வந்தவரிடம் நாம் சமயம் வினவுவதில்லை, நோயுற்றவரிடமும் வினவுவதில்லை. ஆயின், நம் நூல்களைக் கற்க விழைந்து பிற சமயத்தார் ஒருவர் வரின், அவர்க்கு வழங்குதல் தகுமா? அன்றிப் பொருளைத் திரித்துரைப்பாரோ என அஞ்சி மறைத்தல் தகுமா?

இதற்கு வரலாறு ஒரு விடை தருகின்றது. 1880 ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தில் பயின்றவர். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை ஆராயப் புகுந்தார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. எனவே அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்றார். சிந்தாமணியைப் பாராயண நூலாகப் போற்றிவந்த அவர்கள், வந்தவர் வேற்றுச் சமயத்தார் என்று கதவடைத்திலர். சந்திரநாத செட்டியார் முதலானோர் அவர்தம் ஐயங்களை அகற்றினர். 1887 ஆம் ஆண்டு அந்நூல் உரையுடன் அச்சேறியது.

வளையாபதியும் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றே. அதில் நமக்கு எஞ்சியவை ஏறத்தாழ 72 செய்யுட்கள்தாம். அது மறைந்த காரணம் எதுவாயினும், படிகள் பெருகாத நூல் நெடுநாள் நிலைப்பதில்லை.

திரித்துரைப்பர் என்னும் அச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும், பிழைபடப் பொருள் கொள்ளுதற்குப் பெரும்பாலும் காரணம், கற்பிப்பார் இன்மையே. கும்பகோணத்தார் நூலின் கருத்தை உடனிருந்து உணர்த்தினர். வந்தவரும் தம் சமயக் கொள்கையை அதன்மேல் ஏற்றாமல், அறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்தார். கொடுப்பவர் கடமையும் கொள்பவர் கடமையும் அங்கே ஒருங்கே நிறைவேறின.

கற்றதை மறைத்தல், பொறாமையால் கற்பியாமை, கற்பார்க்கு இடையூறு செய்தல் ஆகியவற்றை ஞானாவரணீய வினைக்கு வாயில்கள் எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகின்றது. ஆதலின், நூலை ஒளிப்பவர் பிறர் கண்ணை மறைப்பதாக எண்ணித் தம் ஞானத்தையே மறைத்துக்கொள்கின்றார். காப்பதாகக் கருதிச் செய்யும் செயல் வினையாய் வந்து சேர்கின்றது.

இன்றும் சில இல்லங்களில் ஏடுகள் துணியிற் பொதிந்து கிடக்கின்றன. சுருத பஞ்சமியில் அவற்றுக்கு மலரிட்டு வணங்குகிறோம். வணங்கியபின் அவற்றை விரித்துப் படியெடுப்போம். கேட்டு வருவார்க்குப் பொருளும் உரைப்போம். அதுவே அவ்வழிபாட்டின் நிறைவாகும்.